டிஸ்ட்ரிபியூட்டரைக் கடைசியில் திருப்புங்கள்

பாயிண்ட் செட் (இக்னிஷன் கரன்ட்டைத் திறந்து மூடுகிற சின்ன சுவிட்ச்) உள்ள பழைய கார் மிஸ்ஸிங் அடிக்க, அதாவது சிலிண்டர் சில நேரம் எரியாமல் விட்டுப்போக ஆரம்பித்தால், பலருக்கு முதலில் கை போகிற இடம், ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட்தான். அதைத் தளர்த்தி, ஓடுகிற இன்ஜினில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, சத்தம் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே இறுக்கிவிடுவார்கள். ஐடிலிங் சற்றுத் தேறியது போலவும் இருக்கும். ஆனால் எது கெட்டிருந்ததோ அது கெட்டபடியே கிடக்கும். சரியாக இருந்த டைமிங்கும் (ஸ்பார்க் வருகிற கணம்) கூடவே போயிருக்கும். அடுத்து அந்தக் காரைப் பார்ப்பவர் ஒன்றுக்கு இரண்டு கோளாறைத் தேட வேண்டும்.

டைமிங் தனியாக நிற்கிற விஷயம் இல்லை. பாயிண்ட் திறக்கிற கணத்தில்தான் ஸ்பார்க் கிளம்புகிறது. பாயிண்ட் இடைவெளி மாறினால் திறக்கிற கணம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பிண்டில் (சுழலும் நடு அச்சு) ஆடினால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். டைமிங் செயின் தளர்ந்தால் மொத்தமாகப் பின்தங்கும். இவை எல்லாம் சரியான பிறகு வைக்கிற டைமிங்தான் நிற்கும். அதனால் இந்தப் பதிவில் டைமிங் கடைசியில் வருகிறது. சார்லஸ் கெட்டரிங் கேடிலாக் கார்களுக்காக உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் 1970-கள் வரை அடிப்படையில் பெரிதாக மாறவில்லை. ஆகவே மோரிஸ் மைனரோ ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோ, தேடுகிற வரிசை ஒன்றுதான். அளவுகள் மட்டும் மாறும். அவற்றை அந்தந்தக் காரின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, எப்போது மிஸ் ஆகிறது என்பது. ஐடிலிங்கில் மட்டும் உதறி, வேகம் எடுத்தால் சரியாகிறது என்றால் இக்னிஷனை விட இன்டேக் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு, ஐடில் மிக்ஸ்சர், வால்வு கிளியரன்ஸ் ஆகியவற்றின் மீது சந்தேகம் அதிகம். ஏற்றத்தில், நான்காவது கியரில் மிதிக்கும்போது மட்டும் விட்டுவிட்டு இழுத்தால் ஹை டென்ஷன் பக்கம், அதாவது பிளக்குக்கு அதிக வோல்டேஜ் போகிற பாதையைப் பாருங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக் முனையைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் பலவீனமான வயரோ, விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் கேப்போ (மூடி) வேறு வழியில் ஸ்பார்க்கைக் கசியவிடும். அதிக ஆர்.பி.எம்.மில் மட்டும் என்றால் பாயிண்ட் ஸ்பிரிங் தளர்ச்சி, அல்லது பேட்டரி வோல்டேஜை ஸ்பார்க் அளவுக்கு உயர்த்துகிற காயிலின் போதாமை. சூடான பிறகு மட்டும் என்றால் கண்டென்சர் (பாயிண்டோடு இணைந்த கெபாசிட்டர்) அல்லது காயில். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற, விடுகிற அந்த நொடியில் மட்டும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற சின்ன வயர்கள். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்து, ஒரே சிலிண்டரா, எல்லா சிலிண்டரிலுமா என்று பிரிக்க வேண்டும். இதற்கு, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னுகிற டைமிங் லைட்டை விட நல்ல கருவி கிடையாது. ஆனால் பெரும்பாலானோர் அதை டைமிங் பார்க்க மட்டுமே எடுக்கிறார்கள். அதன் கிளிப்பைக் காயிலில் இருந்து கேப்பின் நடுவுக்கு வரும் கிங் லீடில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, மிஸ் ஆகும்போது லைட்டைக் கவனியுங்கள். மிஸ் ஆகிற நேரத்தில் வெளிச்சமும் விட்டுப்போனால் கோளாறு காயிலிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது: பாயிண்ட், கண்டென்சர், காயில், சுவிட்ச் வயரிங். கிங் லீடில் ஒளி சீராக இருந்து, ஏதாவது ஒரு பிளக் வயரில் மட்டும் விட்டுப்போனால் கேப், அதற்குள் சுழன்று ஸ்பார்க்கைப் பிரிக்கும் ரோட்டார், அந்த வயர் மூன்றில் ஒன்று. எல்லா வயரிலும் ஒளி சீராக இருந்தும் இன்ஜின் உதறினால், பிளக்கைப் பார்த்துவிட்டு கார்புரேட்டருக்கும் கம்ப்ரஷனுக்கும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) போகலாம். கரி பிடித்த பிளக்கில் கரன்ட் முனையைத் தாண்டாமல் கரி வழியே ஓடிவிடும். லைட்டோ வழக்கம்போல் மின்னும். ஐந்து நிமிட வேலைதான். பாதி இன்ஜினைச் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுத்துவிடும்.

டைமிங் லைட் இல்லையென்றால் பழைய முறை: ஐடிலிங்கில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பது. எந்த வயரைக் கழற்றினால் வேகம் குறையவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். இன்சுலேட்டட் பிளையர் கொண்டு கழற்றுங்கள். கழற்றிய வயரை அந்தரத்தில் விடாமல் பிளாக்கில் எர்த் ஆகும்படி வையுங்கள். வெளியேற வழியில்லாத வோல்டேஜ் காயிலின் உள் இன்சுலேஷனையும் ரோட்டாரையும் துளைத்துவிடும். இருக்கிற கோளாறைத் தேடப்போய்ப் புதுசு ஒன்றை உண்டாக்கிவிடக் கூடாது.

செத்த சிலிண்டர் தெரிந்துவிட்டால், எலெக்ட்ரிக் வேலை தொடங்கும் முன்பு கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, காயிலின் லோ டென்ஷன் வயரை (பேட்டரி வோல்டேஜ் போகிற சின்ன வயர்) கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஆறேழு ஸ்ட்ரோக் சுழற்றினால் போதும். ஒரு சிலிண்டர் மற்றவற்றை விட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கவலைப்பட வேண்டும். ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. வால்வு கிளியரன்ஸ் நெருங்கிப்போனால், சூடானதும் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல், இக்னிஷன் கோளாறு போலவே நடிக்கும். இவற்றை ஸ்பார்க்கால் சரிசெய்ய முடியாது.

இனி லோ டென்ஷன் பக்கம். மல்டிமீட்டர் ஒன்று போதும். சாவியை ஆன் செய்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இன்ஜினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற காயில் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையே அளவெடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் பாயிண்ட் முகத்தில் எண்ணெயோ கருக்கலோ இருக்கிறது, அல்லது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பேஸ் பிளேட்டின் எர்த் சரியில்லை. அதே நிலையில் காயிலின் இன்னொரு டெர்மினலில், பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத காரில் பேட்டரி வோல்டேஜை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் இக்னிஷன் சுவிட்சும் இணைப்புகளும் தின்கின்றன. பேலஸ்ட் உள்ள காரில் அங்கே 6 முதல் 8 வோல்ட் வரை இருப்பது இயல்பு. பாயிண்ட் திறந்ததும் முழு வோல்டேஜுக்கு ஏறும். ஸ்டார்ட்டர் சுழலும்போது இன்ஜின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் பேலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். சுழற்றும்போது மட்டும் அதைத் தாண்டி நேராக 12 வோல்ட் போவதால்தான் அப்படி. இந்தச் சோதனைகளை வேகமாக முடித்துவிடுங்கள். பாயிண்ட் மூடி, இன்ஜின் நின்றிருக்கும்போது காயிலில் சுமார் 4 ஆம்பியர் தொடர்ந்து ஓடுகிறது. சில நிமிடத்தில் காயில் கொதிக்கும்.

காயிலின் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் பேலஸ்ட் இல்லாத வகையில் 3 ஓம் அளவிலும், பேலஸ்டோடு வேலை செய்கிற வகையில் 1.5 ஓம் அளவிலும் இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. 1.5 ஓம் காயிலை பேலஸ்ட் இல்லாமல் போட்டால் பாயிண்ட் சீக்கிரம் கருகும். 3 ஓம் காயிலை பேலஸ்டோடு போட்டால் ஸ்பார்க் சோம்பிப்போகும். இணைக்கிற திசையும் முக்கியம். நெகட்டிவ் எர்த் காரில் (பேட்டரியின் மைனஸ் பாடியோடு இணைந்தது) பிளஸ் டெர்மினல் சுவிட்சுக்கும் மைனஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போக வேண்டும். தலைகீழாக இணைத்தாலும் இன்ஜின் ஓடும், அதுதான் சிக்கல். பிளக்கின் சூடான நடு முனையில் இருந்து எலெக்ட்ரான் கிளம்புவது எளிது. திசை மாறினால் அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். 1960-களில் பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த்தாக வந்தன. பிறகு நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியவர்கள் காயில் வயரை மாற்ற மறந்திருந்தால், ஏற்றத்தில் மட்டும் மிஸ் ஆகிற, யாருக்கும் பிடிபடாத கோளாறு வருடக்கணக்கில் தொடரும்.

பாயிண்டுக்கு வருவோம். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 100 ஸ்பார்க். ஒன்றுக்குக் கிடைப்பது 10 மில்லி செகண்ட். அதில் பாயிண்ட் மூடியிருக்கிற பங்கில்தான் காயில் நிரம்ப வேண்டும். அந்தப் பங்கைக் கோணத்தில் சொன்னால் டுவெல். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு 60 டிகிரி, 3 கூடக் குறைய; இடைவெளி 0.36 முதல் 0.40 மி.மீ. பீட்டிலின் பாஷ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.40 மி.மீ., டுவெல் 50 டிகிரியை ஒட்டி. இடைவெளி அதிகமானால் டுவெல் குறையும், காயில் பாதி நிரம்பும், ஸ்பார்க் முன்கூட்டி வரும். இடைவெளி குறைந்தால் டுவெல் கூடும், ஸ்பார்க் தாமதமாகும், பாயிண்ட் சூடாகிக் கருகும். டுவெல் ஒரு டிகிரி மாறினால் கிராங்க்கில் டைமிங்கும் ஒரு டிகிரி மாறும். ஸ்பிண்டிலின் கேமில் உரசிப் பாயிண்டைத் திறக்கிற ஃபைபர் ஹீல் தேய்ந்து டுவெல் 60-இல் இருந்து 64-க்குப் போய்விட்டது என்றால், யாரும் தொடாமலேயே டைமிங் 4 டிகிரி ரிட்டார்ட் (தாமதம்) ஆகிவிட்டது. அதை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிக்கட்டுவது தவறு என்று இப்போது புரியும்.

ஓடிய பாயிண்டில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நம்பாதீர்கள். ஒரு முகத்தில் மேடும் மறு முகத்தில் குழியும் விழுந்திருக்கும். கேஜ் மேட்டின் மீது உட்காரும், குழியின் ஆழம் கணக்கில் வராது. உண்மையான இடைவெளி அளவை விட அதிகம். பாயிண்ட் புதிதாக இருந்தால் கேஜ், பழையதாக இருந்தால் டுவெல் மீட்டர். புதிய பாயிண்ட் முகத்தில் துருப் பாதுகாப்புக்காக எண்ணெய் பூசியிருப்பார்கள். துடைக்காமல் போட்டால் முதல் நாளே கருகும். கேம் மீது கடுகளவு கிரீஸ், அதற்கு மேல் வேண்டாம். பாயிண்ட் ஸ்பிரிங் மாட்டுகிற கம்பத்தில் இன்சுலேட்டிங் வாஷர்களின் வரிசையும் முக்கியம். கண்டென்சர் வயர், காயில் வயர், ஸ்பிரிங் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். கம்பத்தையோ பேஸ் பிளேட்டையோ எதுவும் தொடக் கூடாது. ஒரு வாஷர் இடம் மாறினால் பாயிண்ட் நிரந்தரமாக எர்த் ஆகி, துளி ஸ்பார்க்கும் வராது.

கண்டென்சர் பாயிண்ட் திறக்கும்போது அங்கே தீ எரியாமல் காக்கிறது, காயிலில் கரன்ட் சட்டென்று அறுபட உதவுகிறது. அது செத்தால் பாயிண்டில் நீல ஒளி பளிச்சிடும், பிளக்கில் மஞ்சளாக, மெலிதாக வரும். நல்ல ஸ்பார்க் வெள்ளை கலந்த நீலம். சடக் என்ற சத்தம் கேட்கும். அளவு பெரும்பாலும் 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். மீட்டரில் அளவு சரியாகக் காட்டியும் சூட்டில் கசிகிற கண்டென்சர் உண்டு. அதற்கு நம்பகமான சோதனை, நல்லது என்று தெரிந்த ஒன்றை மாற்றிப் போட்டு அதே சூட்டில் ஓட்டிப் பார்ப்பதுதான். வேலை செய்கிற பழைய கண்டென்சரை, பாயிண்ட் மாற்றுகிறோமே என்று சேர்த்துத் தூக்கிப் போடாதீர்கள். இப்போது விற்கிற புதியவற்றின் தரம் ஒன்று போல் இல்லை. 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே, சூடு குறைந்த இடத்தில் பொருத்துபவர்கள் உண்டு. அது நல்ல யோசனை.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன வயர்கள் இருக்கின்றன. ஒன்று வெளி டெர்மினலில் இருந்து பாயிண்டுக்கு. மற்றொன்று அசைகிற பிளேட்டை பாடியோடு இணைக்கிற எர்த் வயர். இன்ஜினின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும் வேக்குவம் அட்வான்ஸ், பிளேட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இவை வளைகின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் வளைந்த பிறகு துணி உறைக்குள் செம்பு இழைகள் அறுந்து, உறை மட்டும் முழுசாக இருக்கும். கண்ணுக்கு வயர் நன்றாகத் தெரியும். ஆக்ஸிலரேட்டர் மாறும்போதெல்லாம் இன்ஜின் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். கார்புரேட்டரில் ஜெட் அடைப்பு என்று பலர் முடிவு கட்டுவது இதைப் பார்த்துத்தான். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் நின்றுவிட்டால் இந்த இரண்டு வயரும்தான். மாற்றும்போது மெல்லிய இழைகள் நிறைந்த, நன்றாக வளைகிற வயராகப் பாருங்கள். சாதாரண வீட்டு வயர் நாள்பட நிற்காது.

ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். உணரும்படி ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. ஐடிலிங்கில் ஒரு டுவெல், 2000 ஆர்.பி.எம்.மில் மூன்று டிகிரிக்கு மேல் வேறொரு டுவெல் என்றால் அதே முடிவுதான். இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் என்ன டைமிங் வைத்தாலும் மார்க் ஓரிடத்தில் நிற்காது. புஷ் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ரோட்டாரை அது சுழலும் திசையில் கையால் திருப்பி விட்டால், ஸ்பிரிங் இழுத்து உடனே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் கீழே, வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்னே கொண்டுவரும் அட்வான்ஸ் வெயிட்டுகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரோட்டாருக்கு அடியில் உள்ள ஸ்க்ரூவின் மேல் இரண்டு சொட்டு மெல்லிய ஆயில் விடுவது மேனுவல்களில் இருக்கிற வேலை, செய்பவர்கள் குறைவு. வேக்குவம் யூனிட்டைச் சோதிக்கக் குழாயை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பிளேட் நகர்ந்து, அங்கேயே நிற்க வேண்டும். நழுவித் திரும்பினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. மிக்ஸ்சரும் அந்த வழியே கெடும்.

ரோட்டார் பற்றி ஒரு எச்சரிக்கை. பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய சில புதிய ரோட்டார்களில், ரிவெட் வழியே ஸ்பார்க் கீழே ஸ்பிண்டிலுக்குப் பாய்ந்துவிடுகிறது. கேப்பைக் கழற்றி, கிங் லீட் முனையை இன்சுலேட்டட் பிளையரால் ரோட்டார் தகட்டுக்கு 5 மி.மீ. மேலே பிடித்து, சாவி ஆனில் பாயிண்டை மரக்குச்சியால் திறந்து மூடுங்கள். ரோட்டார் நல்லதாக இருந்தால் ஸ்பார்க் தாவ இடமில்லை. தாவினால் அது உள்ளே கசிகிறது, தூக்கிப் போடுங்கள். கேப்பின் உள்ளே பென்சிலால் கோடு போட்டது போல் மெல்லிய கரிக்கோடு இருந்தால் சுரண்டிப் பயனில்லை, கேப் மாற்ற வேண்டும். நடுக் கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு துள்ளுகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். வயர்களுக்கு, இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு மெல்லிய தண்ணீர்ச் சாரல் தெளித்தால் போதும். கசிகிற இடம் தானே மின்னிக் காட்டும். பிளக் இடைவெளி பாயிண்ட் இக்னிஷனில் பெரும்பாலும் 0.6 முதல் 0.65 மி.மீ. வயர் வரிசை (சிலிண்டர்கள் எரிகிற வரிசை) மாறவில்லையே என்றும் பாருங்கள்: நேர் வரிசை நான்கு சிலிண்டரில் 1-3-4-2 அதிகம், சில ஃபோர்டு இன்ஜின்களில் 1-2-4-3, பீட்டிலில் 1-4-3-2.

இப்போதுதான் கிளாம்ப் போல்ட்.

புல்லியில் உள்ள மார்க் உண்மையா என்று முதலில் தெரிய வேண்டும். ரப்பர் வளையம் உள்ள புல்லிகளில் வெளி வளையம் நழுவி, மார்க் பல டிகிரி பொய் சொல்லும். 1-ஆம் பிளக் துளையில் முனை உருண்டையான, உள்ளே விழ முடியாத ஒரு ஸ்டாப்பரைத் திருகி, பிளக்குகளைக் கழற்றிய இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி பிஸ்டன் முட்டுகிற இடத்தைக் குறியுங்கள். எதிர்த் திசையில் சுற்றி அங்கும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் டி.டி.சி., பிஸ்டன் உச்சியில் நிற்கிற இடம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் எது என்று தெரிய, பிளக் துளையை விரலால் மூடினால் காற்று தள்ளும். டிகிரி மார்க் இல்லாத புல்லியில் சுற்றளவை 36-ஆல் வகுத்தால் 10 டிகிரி. 140 மி.மீ. விட்டமுள்ள புல்லிக்கு அது 12.2 மி.மீ. வெள்ளைப் பெயிண்டில் 10, 20, 30 மூன்றையும் குறித்துவிடுங்கள்.

ஸ்டாட்டிக் டைமிங்குக்கு (இன்ஜின் ஓடாதபோது வைப்பது) ஒரு டெஸ்ட் லேம்ப். அதை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காயில் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டுங்கள். இன்ஜினை அது ஓடும் திசையிலேயே சுற்றி மார்க்குக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள், இல்லாவிட்டால் செயின் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும். சாவி ஆன். டிஸ்ட்ரிபியூட்டர் பாடியை ரோட்டார் சுழலும் திசையில் திருப்பினால் லேம்ப் அணையும். எதிர்த் திசையில் மெதுவாகத் திருப்பும்போது எரியத் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கும்போது பாடி நகரும் என்பதால் மறுபடி ஒரு முறை சுற்றிச் சரிபாருங்கள்.

ஓடுகிற இன்ஜினில் பார்க்கும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். வேக்குவம் குழாய் கழற்றி அடைக்கப்பட்டிருக்க வேண்டும், மேனுவல் வேறு மாதிரி சொன்னால் தவிர. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற பீட்டில்கள் சிலவற்றில் குழாய்களை மாட்டியபடியே டி.டி.சி.க்கு 5 டிகிரி பின்னால் வைக்கச் சொல்லியிருக்கிறது. வழக்கப்படி குழாயைக் கழற்றினால் அங்கே தவறாகிவிடும். ஐடிலிங்கில் சரியாக வைத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். 3000-க்கு மேல் ஏற்றி, மார்க் படிப்படியாக நகர்ந்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பழைய நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் வேக்குவம் இல்லாமல் மொத்த அட்வான்ஸ் (ஸ்பார்க் முந்தி வரும் அளவு) 28 முதல் 34 டிகிரிக்குள் வரும். ஐடிலிங்கில் சரி, மேலே 18-இலேயே நின்றுவிடுகிறது என்றால் வெயிட்டுகள் ஒட்டியிருக்கின்றன. 40-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் அறுந்தோ தளர்ந்தோ இருக்கிறது; அந்த நிலையில் காரை ஓட்டவே கூடாது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மேல் அளவைத்தான் மதிப்பேன். பிஸ்டன் உருகுவது ஐடிலிங்கில் அல்ல.

சாலையில் கடைசிச் சோதனை. மேல் கியரில், குறைந்த வேகத்தில் இருந்து முழுதாக மிதியுங்கள். உலோகத் தட்டில் மணி உதிர்வது போன்ற நாக்கிங் கேட்டால் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி எனப் பின்னால் கொண்டுவாருங்கள். மேனுவல் எழுதப்பட்ட காலத்துப் பெட்ரோலும் இன்றைய பெட்ரோலும் வேறு. நாக்கிங் இல்லையே என்று அளவுக்கு மீறி ரிட்டார்ட் செய்தாலும் ஆபத்துதான். இழுவை போகும், எரிந்து முடியாத வாயுவின் சூடு எக்ஸாஸ்ட்டில் இறங்கும், வால்வும் மேனிஃபோல்டும் வேகும், ரேடியேட்டரில் குறை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

புதிய பாயிண்ட் போட்டிருந்தால் 500 கிலோமீட்டரில் மறுபடி திறந்து பாருங்கள். ஹீல் கேமில் படியும்போது முதலில் வேகமாகத் தேய்கிறது. டுவெல் ஏறியிருந்தால் இடைவெளியைத் திருத்துங்கள். டைமிங் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும், டைமிங் லைட்டால் உறுதி செய்தால் போதும். கிளாம்ப் போல்ட்டைத் தொட வேண்டியிருக்காது.